நின்றால் ஆறு மாதம்

என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். நூறு அடி நடந்தால் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். நின்றுவிட்டால் அடுத்த நூறு அடிக்கு வண்டி ஓடும். திருவண்ணாமலை கிரிவலத்தையே இப்படி நின்று நின்று முடித்தவள். அப்படிப்பட்டவளை லாஸ் வேகாஸுக்கு அழைத்துப் போக வைத்தது ஃபீனிக்ஸில் இருக்கும் எங்கள் மகள். "அஞ்சு மணி நேர டிரைவ்தான்ப்பா. அமெரிக்கா வரைக்கும் வந்துட்டு வேகாஸ் பாக்கலன்னா ஊர்ல சிரிப்பாங்க. கார் கூட வேண்டாம், எல்லாம் நடந்தே பாத்துடலாம்" என்றாள்.

நடந்தே பார்க்கலாம் என்பது சத்தியமான வார்த்தை. நின்று பார்க்க முடியாது என்பதைத்தான் சொல்ல மறந்துவிட்டாள்.

மே மாதம் முதல் வாரம், மாலை ஐந்து மணி. 'ஸ்ட்ரிப்' என்று உலகம் செல்லமாகக் கூப்பிடும் ஏழு கிலோமீட்டர் சாலையின் மேல் ஒரு நடைமேம்பாலம். பாதிப் பாலத்தில் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கை முழங்காலில். கீழே கார்கள் எறும்புச்சாரியாக ஊர்ந்துகொண்டிருந்தன. சீருடைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, மிகப் பணிவாக, "மேடம், நடந்துகொண்டே இருங்கள்" என்றார். இவள் அவர் நலம் விசாரிப்பதாக நினைத்து, "நோ பிராப்ளம்" என்று சிரித்தாள். அவர் மறுபடியும் அதையே சொன்னார்.

"என்னங்க சொல்றாரு?"

"நிக்கக் கூடாதாம்."

"இங்க உக்காரக் கூடாதாமா?"

"உக்காரறது அப்புறம். நிக்கவே கூடாதாம்."

"அப்ப என்னதான் பண்ணணுமாம்?"

"நடக்கணுமாம்."

"எங்க?"

இதற்கு மட்டும் அவரிடம் மொழிபெயர்ப்பு இல்லாமலே பதில் இருந்தது. கையை நீட்டினார். பாலம் இறங்கும் இடத்தில் ஒரு கேசினோவின் கதவு தானாகத் திறந்து தானாக மூடி, ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் குளிர்காற்றை வெளியே ஊதிக்கொண்டிருந்தது.

அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. சட்டம் அப்படி. 2024 ஜனவரி 2 அன்று, ஸ்ட்ரிப்பை ஆளும் கிளார்க் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், ஆணையர்கள் கூடி, ஒருவர்கூட எதிர்க்காமல் ஒரு விதியை நிறைவேற்றினார்கள். ஸ்ட்ரிப்பின் நடைமேம்பாலங்களிலும் அவை தரையைத் தொடும் இடத்திலிருந்து 20 அடி தூரத்துக்குள்ளும் எவரும் நிற்கக் கூடாது. மற்றவர்களை நிற்கவைக்கும் காரியம் எதையும் செய்யக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் டாலர் வரை அபராதம். அந்த இடங்களுக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'பாதசாரி ஓட்ட மண்டலம்'. ஆங்கிலத்தில் நீரோட்டம் மாதிரி ஓட்டம் என்ற பொருளில் வைத்தார்கள். தமிழில்தான் உண்மைப் பொருள் வெளியே வருகிறது. ஓடு, இல்லாவிட்டால் ஓட்டப்படுவாய்.

விதியில் ஒரு விலக்கும் உண்டு. லிஃப்டுக்கோ எஸ்கலேட்டருக்கோ காத்து நிற்பவர் குற்றவாளி அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும்.

பொதுமக்கள் பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார்கள். பாலத்தில் கூட்டம் நெரிந்தால் ஆபத்து என்பதை நானும் மறுக்கவில்லை. நெரிசல் என்றால் என்ன என்று ஆடி வெள்ளி பார்த்தவனுக்கு வேகாஸ்காரர் சொல்லித்தர வேண்டாம். ஆனால் நெரிசலுக்கு வைத்தியம் பாலத்தை அகலப்படுத்துவது, ஓரமாய் இரண்டு பெஞ்சு போடுவது, கீழே சாலையிலேயே கடக்க விடுவது. நிற்கிறவனைச் சிறையில் போடுவது நெரிசலுக்கு வைத்தியம் அல்ல, நிற்கிறவனுக்கு வைத்தியம். பாலத்தில் யார் நிற்பார்கள்? கிட்டார் வாசித்துக் காசு கேட்பவர், ஐஸ் பெட்டியில் தண்ணீர் பாட்டில் விற்பவர், அட்டையில் 'பசி' என்று எழுதிப் பிடித்திருப்பவர், சக்கர நாற்காலியில் மூச்சு வாங்குபவர். ஒன்றரை மாதத்துக்குள் நெவாடாவின் ஏ.சி.எல்.யூ. என்ற உரிமை அமைப்பு வழக்குப் போட்டது. வாதிகளில் சக்கர நாற்காலியில் செல்லும் ஒரு பெண்ணும் தெருக் கலைஞர் ஒருவரும் இருந்தார்கள். சட்டம் யாரைக் குறிவைத்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஊரே நிற்பதற்காகப் பிறந்த ஊர்.

லாஸ் வேகாஸ் என்றால் ஸ்பானிய மொழியில் புல்வெளிகள். மொஹாவி பாலைவனத்தின் நடுவில் ஊற்று பொங்கிப் புல் முளைத்த இடம். தெற்குப் பாயூட் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே நின்று தண்ணீர் குடித்தார்கள். பிறகு சாண்டா ஃபேயிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கோவேறு கழுதைகளை ஓட்டிச் சென்ற வணிகக் கூட்டங்கள் நின்றன. 1855-இல் மோர்மன்கள் வந்து நின்று மண்கோட்டை கட்டினார்கள். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும் என்று ரயில் நின்றது. ரயில் நின்ற இடத்தை மனையாகப் பிரித்து 1905 மே 15 அன்று ஏலம் விட்டார்கள், ஊர் பிறந்துவிட்டது. ஒருவனும் நிற்காமல் நடந்துகொண்டே இருந்திருந்தால் இன்றைக்கும் அங்கே ஓணான்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் நின்றவர்களுக்குக் கிடைத்த பங்கையும் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தாக்கு முழுக்கக் காலால் அளந்த பாயூட் மக்களுக்கு 1911-இல் ஒரு பண்ணைக்காரப் பெண்மணி 10 ஏக்கரை 500 டாலருக்கு அரசிடம் விற்று, குடியிருக்க இடம் செய்து கொடுத்தார். அந்த ஊரில் அன்று நடந்த பெரிய தர்மம் அதுதான் என்றால் மற்றதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஊற்று? உறிஞ்சி உறிஞ்சி 1962-இல் வற்றிப்போனது. வற்றிய ஊற்றைச் சுற்றி அழகான நடைபாதை போட்டு 2007-இல் பூங்கா திறந்திருக்கிறார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய், தண்ணீர் இருந்த இடத்தைப் பார்க்கலாம்.

இன்னொரு சிறப்பு. நீங்கள் பார்க்கும் லாஸ் வேகாஸ் லாஸ் வேகாஸில் இல்லை. ஸ்ட்ரிப்பின் பெரும்பகுதி இருக்கும் இடத்துக்குச் சட்டப்படி பெயர் பாரடைஸ், அதாவது சொர்க்கம். 1950-இல் மாநகராட்சி தன் எல்லையை நீட்டி கேசினோக்களைச் சேர்த்துக்கொண்டு வரி போடப் பார்த்தது. முதலாளிகள் கவுண்டியைப் பிடித்து, மாநகராட்சி கைவைக்க முடியாதபடி அந்த நிலத்தைத் தனி ஊராக அறிவிக்கச் செய்துவிட்டார்கள். 'அற்புதமான லாஸ் வேகாஸுக்கு நல்வரவு' என்று 1959-இல் நட்ட புகழ்பெற்ற பலகைகூட மாநகர எல்லைக்குப் பல கிலோமீட்டர் வெளியேதான் நிற்கிறது. அந்த ஊரில் தைரியமாக நிற்கும் ஒரே ஜீவன் அந்தப் பலகை. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே நிற்கலாம். அது விளம்பரம்.

சொர்க்கத்தில் நடப்பது எப்படி என்று சொல்கிறேன். 1990களின் நடுவில் முதல் நடைமேம்பாலங்கள் வந்தன. கார்கள் கீழே, மனிதர்கள் மேலே. கேட்க நன்றாக இருக்கிறது. மேலே போன மனிதன் எப்படிக் கீழே வருகிறான் என்பதில்தான் சூட்சுமம். பாலத்தின் வாய் பல இடங்களில் கேசினோவின் மாடிக்குப் போகிறது, அல்லது அதன் வாசற்படியில் கொண்டுபோய் விடுகிறது. எதிர்ச்சாரிக் கடையில் ஒரு குரோசின் வாங்க வேண்டும் என்றால் ஏறு, கட, இறங்கு, வளை, ஒரு சூதாட்டக் கூடத்தைக் குறுக்கே நட, மறுபடி ஏறு. கட்டடங்கள் மலை அளவு பெரியவை என்பதால் எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். "அதோ அந்த ஈஃபில் கோபுரம்தானே" என்று கிளம்பி முக்கால் மணி நேரம் நடந்தோம். அந்த நகல் கோபுரம் அதே தூரத்தில் அதே சிரிப்போடு நின்றது.

ஆகவே பாலத்தில் துரத்தப்பட்ட நாங்கள் கை காட்டிய கதவுக்குள் போனோம். எந்த ஓட்டல் என்று பெயர் வேண்டாம். எதுவானால் என்ன, உள்ளே எல்லாம் ஒன்றுதான். கடிகாரம் இல்லை, சன்னல் இல்லை. தரைவிரிப்பில் கண்ணைக் கூசும் பூக்கள். வெளியே போகும் வழி எது என்று அம்புக்குறியைத் தேடினால், அம்புகள் பஃபே, தியேட்டர், ஸ்லாட் என்று காட்டின. வெளிவாசலைக் காட்டும் அம்பு கண்ணில் படவில்லை. சக்கரவியூகம் வகுத்தவனுக்கு இவர்கள் பேரப்பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

மனைவி உட்கார இடம் தேடினாள். தெருவில் இல்லை, பாலத்தில் இல்லை. இங்கே இருந்தது, ஆயிரக்கணக்கில். முதுகுக்கு மெத்தை, காலுக்குக் கட்டை, தோல் உறை. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு ஸ்லாட் மெஷின். ஒன்றில் உட்கார்ந்து முழங்காலை நீவிவிட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு நிம்மதி. இரண்டு நிமிஷம் இருக்கும். ஒரு பணியாளர் பெண் வந்து இனிமையாகக் கேட்டார்: "விளையாடுகிறீர்களா?" இல்லை என்றேன். "இந்த இருக்கைகள் விளையாடும் விருந்தினர்களுக்காக" என்றார், அதே இனிமையோடு.

ஒரு டாலர் நோட்டை மெஷின் வாயில் விட்டேன். மனைவி பொத்தானை அழுத்தினாள். செர்ரிப் பழம், மணி, எலுமிச்சை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவையோடு டாலர் செரித்துவிட்டது. அதற்குள் ஐந்து நிமிஷம் ஓடியிருந்தது. ஐந்து நிமிஷ நாற்காலிக்கு ஒரு டாலர் வாடகை. அந்த ஊரில் நான் வாங்கிய நியாய விலைச் சரக்கு அது ஒன்றுதான்.

"நம்ம ஊர்ல சூதாடறவனைத்தான் போலீஸ் பிடிக்கும்" என்றாள் மனைவி, எழுந்திருக்க முடியாமல் எழுந்துகொண்டே. "இங்க ஆடாதவளைப் பிடிக்கிறாங்க."

நிற்பதற்கு மட்டும்தான் தடை என்று நினைத்தால், பார்ப்பதற்கும் ஒரு காலத்தில் தடை போட்டார்கள். 2023 நவம்பரில் ஃபார்முலா ஒன் கார்ப்பந்தயம் ஸ்ட்ரிப்பிலேயே நடந்தது. 6.2 கிலோமீட்டர்ச் சுற்று. ஊர்ப் பணத்தில் போட்ட சாலை, ஊர் சனம் நடக்கும் பாலம். ஆனால் சீட்டு வாங்காதவன் பாலத்திலிருந்து ஓசியில் எட்டிப் பார்த்துவிடுவானே! பாலத்துக் கண்ணாடிகளில் மங்கலான படலத்தை ஒட்டினார்கள். ஜனங்கள் நகத்தால் சுரண்டி ஓட்டை போட்டுப் பார்த்தார்கள். பார்வையாளர் மேடை கட்டுவதற்காக பெலாஜியோ ஓட்டலின் நீரூற்றுக்கு முன்னால் இருந்த மரங்களை வெட்டினார்கள். பாலைவனத்தில் நடைபாதையோர மரத்தை வெட்டுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும், அதைப் பாராட்டியே ஆக வேண்டும்.

சாலை சும்மா இருக்கவில்லை. முதல் நாள் பயிற்சி ஓட்டம் தொடங்கிய எட்டொன்பது நிமிஷத்தில், தரையிலிருந்த ஒரு தண்ணீர் வால்வின் மூடி பெயர்ந்து ஒரு ஃபெராரியின் வயிற்றைக் கிழித்தது. ஓட்டம் நின்றது. இரண்டாவது பயிற்சி நடுநிசி தாண்டி இரண்டரை மணிக்கு நடந்தபோது, சீட்டு வாங்கியவர்களையே வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு நின்று பார்க்க உரிமை இருந்தது, காசு கொடுத்திருந்தார்கள். ஆனாலும் நடையைக் கட்டச் சொன்னார்கள். சமத்துவம் என்றால் அதுதான்.

நடைபாதை யாருடையது என்ற வழக்கும் அங்கே நடந்திருக்கிறது. 1999-இல் வெனீஷியன் ஓட்டல் திறக்கும் முன் சாலையை அகலப்படுத்தினார்கள், நடைபாதை ஓட்டலின் நிலத்துக்குள் நகர்ந்தது. தொழிற்சங்கம் அதில் ஊர்வலம் போனதும், "இது எங்கள் சொந்தப் பாதை, வெளியேறு" என்றது ஓட்டல். தொழிலாளிகள் வெளியேறவில்லை. ஊர் நடக்கும் பாதை ஊருக்கே சொந்தம், அங்கே பேச்சுரிமை செல்லும் என்று 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அன்றைக்கு ஓட்டலே நேரடியாக விரட்டியதால் தோற்றது. அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார்கள். இப்போது விரட்டும் வேலையைக் கவுண்டி பார்க்கிறது, பாதுகாப்பு என்ற பெயரில், மக்கள் வரிப்பணத்தில்.

இது வரைக்கும் சிரித்தாயிற்று. இனி என்னால் முடியவில்லை.

2024 ஜூலை 7 அன்று லாஸ் வேகாஸில் 48.9 டிகிரி செல்சியஸ். ஊரின் சரித்திரத்திலேயே அவ்வளவு வெயில் பதிவானதில்லை. அந்த வாரம் தொடர்ந்து ஏழு நாள் பகல் உச்சம் 46-க்குக் கீழே இறங்கவில்லை. நள்ளிரவிலும் 30-க்கு மேல். அப்படிப்பட்ட நாளில் தார்த்தளத்தின் சூடு 70 டிகிரியைத் தொடும். அதில் மயங்கி விழுந்தவனுக்குச் சில நிமிஷத்தில் தோல் வெந்துவிடும். அந்த ஊர்த் தீக்காய மருத்துவர்களுக்கு இது கோடைதோறும் வரும் நோயாளி, தீயே இல்லாத தீக்காயம். அந்த ஆண்டில் மட்டும் கிளார்க் கவுண்டியில் வெயிலால் நேர்ந்ததாகப் பதிவான சாவுகள் 500-க்கும் மேல். பலர் வீடற்றவர்கள். பலர் ஏ.சி. பழுதாகி, பழுதுபார்க்கக் காசில்லாமல், வீட்டுக்குள்ளேயே வெந்தவர்கள். கேசினோவின் கதவு அந்த நாட்களிலும் தானாகத் திறந்து குளிர்காற்றைத் தெருவுக்கு ஊதிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

தெற்கு நெவாடாவில் 2024-இல் எடுத்த கணக்கில் வீடற்றவர்கள் ஏறத்தாழ 7,900 பேர். இவர்கள்தான் அந்த ஊரின் உண்மையான நடையாளர்கள். உடம்பு இளைக்க நடப்பவர்கள் அல்ல, படுக்கவிடாததால் நடப்பவர்கள். சொர்க்கத்தில் கவுண்டி நிற்காதே என்கிறது. வடக்கே மாநகராட்சி படுக்காதே என்கிறது: 2019 நவம்பரில் வந்த விதி, தங்குமிடத்தில் இடம் இருக்கும்போது நகர மையத்து நடைபாதையில் படுப்பதைக் குற்றமாக்கியது. தண்டனை? ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் டாலர் வரை அபராதம். நின்றாலும் அதே, படுத்தாலும் அதே. இரண்டு அரசாங்கமும் ஒரே கடையில் துணி எடுத்திருக்கின்றன. ஆயிரம் டாலர் கையில் இருப்பவன் எதற்கடா நடைபாதையில் படுக்கிறான்?

அந்தத் தங்குமிடத்தின் லட்சணத்தையும் உலகம் பார்த்தது. 2020 மார்ச் கடைசி, கொரோனா. ஐந்நூறு பேர் தங்கிய ஒரு விடுதியில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்ததும் அதை மூடினார்கள். ஆளுநர் உத்தரவால் ஓட்டல்கள் பத்து நாளுக்கு மேலாகப் பூட்டிக் கிடந்தன. அந்தப் பள்ளத்தாக்கில் சுமார் ஒன்றரை லட்சம் ஓட்டல் அறைகள். ஒன்றரை லட்சம் மெத்தைகள் விரித்தது விரித்தபடி. வெளியே வந்த மனிதர்களை எங்கே படுக்க வைத்தார்கள் தெரியுமா? ஒரு வாகன நிறுத்துமிடத்தில். தார்த்தளத்தின் மேல் வெள்ளைக் கோட்டால் கட்டம் போட்டு, ஆளுக்கொரு கட்டம், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் நோய் பரவாத இடைவெளி. கார் நிறுத்த ஒரு கோடு, மனிதனைக் கிடத்த ஒரு கோடு. அந்தப் படத்தை அன்று செய்தித்தாளில் பார்த்தேன். கட்டத்துக்குள் சுருண்டு படுத்தவர்களின் காலணிகள் கோட்டுக்குள்ளேயே ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது போலத்தான் என் நினைவில் இருக்கிறது. ஒரு ஓட்டல், ஒரே ஒரு மாடி, திறந்துவிட மனசு வரவில்லை அந்த ஊருக்கு.

மேலே இடம் இல்லாதவன் கீழே போகிறான். பாலைவனத்தில் மழை பெய்தால் வெள்ளம் பாயும் என்று நகருக்கடியில் வெள்ளக்கால்வாய்ச் சுரங்கங்கள் வெட்டியிருக்கிறார்கள். அதற்குள் நூற்றுக்கணக்கானவர்கள் குடியிருக்கிறார்கள். கட்டில் போட்டு, திரை கட்டி. வெயில் இல்லை, போலீஸ் அதிகம் வராது. கோடைப் புயல் மழையில் தண்ணீர் வந்தால் மட்டும் ஓட நேரம் இருக்காது. அடித்துச் செல்லப்பட்டவர்கள் உண்டு. மேலே நீரூற்று இசைக்குத் தக்கபடி ஆட, கீழே அதே நகரத்தின் தண்ணீர் மனிதர்களை இழுத்துக்கொண்டு போகிறது.

இதே ஊர் இன்னொரு சுரங்கமும் வெட்டியிருக்கிறது. மாநாட்டு மையத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க நேரமாகிறது என்று, சுமார் 5 கோடி டாலர் செலவில், எலான் மஸ்க்கின் கம்பெனியைக் கொண்டு. 2021-இல் திறந்தார்கள். உள்ளே டெஸ்லா கார்கள் ஓடுகின்றன, டிரைவர் வைத்து. சூட்கேஸோடு வந்த விற்பனைப் பிரதிநிதிக்குக் கால் வலிக்கக் கூடாது என்பதற்கு ஒரு சுரங்கம். கால் நீட்ட இடமில்லாதவனுக்கு இன்னொரு சுரங்கம். இரண்டும் ஒரே மண்ணுக்கடியில்.

மறுநாள் மலையேற்றம். ஸ்ட்ரிப்பிலிருந்து 27 கிலோமீட்டர் மேற்கே ரெட் ராக் கேன்யன். பொதுப் பேருந்து கிடையாது. நடப்பதற்குப் போக வேண்டும் என்றால் முதலில் கார் வேண்டும். அக்டோபர் முதல் மே வரை நேரம் குறித்து முன்பதிவும் செய்ய வேண்டும், அதற்கு 2 டாலர், காருக்கு 20 டாலர். பாறையைப் பார்க்க டோக்கனா என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். போன பிறகு முணுமுணுப்பு அடங்கிவிட்டது. அரைத்த மிளகாய் நிறத்தில் மலை. மனைவி அடிவாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். ஆம், பெஞ்சு. யாருமில்லாப் பாலைவனத்தில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். மகளும் நானும் காலிகோ டாங்க்ஸ் என்ற பாதையில் ஏறினோம். போய்வர நான்கு கிலோமீட்டர். மேலே பாறைக்குழியில் மழைத்தண்ணீர் கொஞ்சம் தேங்கி நின்றது. அதற்கு அபராதம் இல்லை போலிருக்கிறது.

வழியில் ஒரு வனப் பணியாளர் எதிரே வந்தார். "தண்ணீர் போதுமான அளவு வைத்திருக்கிறீர்களா?" என்றார். அந்த ஊரில் இரண்டு நாளில் எங்களிடம் கேட்கப்பட்ட, விற்பனையோடு சம்பந்தமில்லாத முதல் கேள்வி அது.

அடிவாரத்துக்கு வந்தபோது மகள் போனில் இன்னொரு செய்தி காட்டினாள். மீட் ஏரிப் பக்கம் வெந்நீர் ஊற்றுகளுக்குப் போகும் இரண்டு மலைப்பாதைகளை ஒவ்வோர் ஆண்டும் மே 15 முதல் செப்டம்பர் 30 வரை மூடிவிடுகிறார்களாம். வெயிலில் யாரும் செத்துவிடக் கூடாது என்ற அக்கறை. நல்ல அக்கறைதான், நான் குறை சொல்லவில்லை. மலையேற வருகிறவனுக்கு வீடு இருக்கிறது, பாதையை மூடினால் அவன் வீட்டுக்குப் போய்விடுவான். ஊருக்குள் வெயிலில் மனிதர்கள் செத்த பாதைகளை எப்படி மூடுவது? அவற்றில் நடப்பவனுக்குத் திரும்பிப் போக ஒன்றும் இல்லையே. ஆகவே பாதையைத் திறந்து வைத்து, நிற்பதை மட்டும் மூடியிருக்கிறார்கள்.

இறங்குவதற்கு முன் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். காலிகோ டாங்க்ஸின் உச்சியிலிருந்து ஸ்ட்ரிப் முழுதும் தெரியும். பிரமிடு, கோபுரம், பெரிய பந்து மாதிரியான அந்த ஸ்பியர், எல்லாம் கொலுப்படியில் வைத்த பொம்மைகள் போல. அரை மணி நேரம் அங்கே சும்மா நின்றேன். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். நெரிசலில் யாரும் சாகவில்லை.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் பெரியவர்கள் எப்படியும் ஒருநாள் அங்கே போகத்தான் போகிறீர்கள், நான் தடுக்கப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பாலத்தில் முழங்கால் வலித்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். நேரே லிஃப்ட் வாசலுக்குப் போங்கள். லிஃப்டுக்குக் காத்து நிற்பது குற்றமில்லை, சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. லிஃப்ட் வந்தால் ஏற வேண்டாம். பின்னால் இருப்பவருக்கு வழிவிட்டு, அடுத்த லிஃப்டுக்குக் காத்திருங்கள்.